தருமாவின் இரண்டாவது கண்

கோபே துறைமுகம், ஜப்பான்
12.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஆத்மநாதன் கப்பல் அடுக்களையிலிருந்து எழுதுகிறேன். நான் சுகம். இருபத்திரண்டு பேருக்கு மூன்று வேளையும் சோறாக்கிப் போடுகிறேன். இன்னும் யாரும் என்னைக் கடலில் தள்ளவில்லை. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மச்சானின் முழங்கால் வலியையும் கேட்டதாகச் சொல்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வருகிறது என்று பிரகதாம்பாள் சன்னதியில் சத்தியம் செய்து, கடிதத்துக்கு மாறி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்பதால் எனக்கு இது பிடித்தே இருக்கிறது.

இந்தத் தடவை ஒரு அபூர்வம் கிடைத்திருக்கிறது. கோயில் வாசலில் மாதம் ஒருமுறை பழைய சாமான் சந்தை போடுகிறார்கள். அங்கே ஒரு தருமா பொம்மை வாங்கினேன். காகிதக் கூழில் செய்து சிவப்புப் பூசியது. கை கால் கிடையாது, தேங்காய் அளவுக்கு உருண்டை. கீழே தள்ளினால் தானே எழுந்து உட்காரும். எண்பது வருஷமாவது இருக்கும் என்றார் விற்ற கிழவர்.

இதில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாங்கும்போது பொம்மைக்கு இரண்டு கண்ணும் வெறும் வெள்ளை வட்டம். மனசில் ஒன்றை வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை வரைய வேண்டும். வேண்டியது நடந்தால் மறு கண். நடந்து முடிந்ததைக் கோயிலில் கொடுத்து எரித்துவிடுவார்களாம். அதனால் பழைய தருமா கிடைப்பதே அரிது. இதற்கு ஒரு கண்தான் இருக்கிறது. யாரோ எதையோ கேட்டிருக்கிறார்கள், கிடைக்கவில்லை. அந்த வெள்ளைக் கண்தான் இதன் மதிப்பே.

ஜெகதாப்பட்டினத்து ரிஃபாய் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வருகிறான். அவன் கையில் பொம்மையையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்து விடுகிறேன். ஈரத்துணி படக்கூடாது. வழக்கம்போல அடியில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். இதோடு உன் வீட்டு மாடி அறையில் என் பொம்மைகள் இருநூற்றுப் பன்னிரண்டு ஆகின்றன.

ஒன்று கேட்க வேண்டும். போன கடிதத்தில் உன் வரிகளெல்லாம் மலையேறுகின்றனவே. ஊஞ்சலில் ஆடிக்கொண்டே எழுதினாயா?

உன் அன்புத் தம்பி,
ஆத்மநாதன்


திருக்கோகர்ணம்
20.3.2024

என் தம்பி ஆத்மநாதனுக்கு,

அக்கா ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் நலம். உன் மச்சானுக்கு முழங்கால் நலம், வாய் அதைவிட நலம். எனக்குச் சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. சமைக்கிறவன் சாப்பிட மாட்டான் என்பது சத்துணவுக் கூடத்தில் இருபத்தேழு வருஷம் இருந்த எனக்குத் தெரியும்.

ரிஃபாய் பொம்மையைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான். நல்ல பிள்ளை. "ஒங்க தம்பி ரசம் மட்டும் வைக்கலைன்னா நாங்க எப்பவோ கப்பலை விட்டு ஓடியிருப்போம்க்கா" என்றான். உன் கடிதத்தை அவனையே வாசிக்கச் சொன்னேன். கேட்க நன்றாக இருந்தது.

தருமாவை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். முறைக்கிறதடா உன் ஆள். தள்ளிவிட்டால் எழுந்து உட்கார்ந்து மறுபடியும் முறைக்கிறது.

சீட்டில் ஏன் எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுதுகிறாய்? இனிமேல் கொட்டை எழுத்தில் எழுது. பழைய பொம்மைகளுக்கும் சேர்த்து எழுதி அனுப்பு. கொலுவுக்கு வருகிற பெண்கள், இது எந்த ஊர், அது எந்த ஊர் என்று கேட்கிறார்கள். போன வருஷம் மெக்சிகோ எலும்புக்கூட்டுக்காரர்களை மூன்றாம் படியில் வைத்தேன் அல்லவா, எதிர்வீட்டு ரஞ்சிதா "என்னக்கா, கொலுவுல போயி எலும்புக்கூடு?" என்றாள். "செத்தவங்க வீட்டுக்கு வந்து போற நாளாம், நம்ம அமாவாசை மாதிரி" என்றேன். அதற்குப் பிறகு அவளே அதற்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போனாள்.

வரி மலையேறினால் ஏறட்டும். பேனா சரியில்லை.

நவம்பரில்தானே இறங்குகிறாய்? இதுதான் கடைசி ஒப்பந்தம் என்று சொல்லியிருக்கிறாய். பாதியில் விட்டுவிட்டு வராமல் ஒழுங்காக முடித்துவிட்டு வா. முப்பத்திரண்டு வருஷத்து உழைப்பு.

அன்புடன் அக்கா,
பிரகதீஸ்வரி


சான்டோஸ், பிரேசில்
30.4.2024

அன்பு அக்கா,

உன் கடிதம் கம்பெனி ஆபீஸ் வழியாகச் சுற்றிச் சுற்றி இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் வந்தது. மச்சானும் நீயும் சுகம் என்று படித்து மனசு நிறைந்தது. இங்கே நான் சுகம்.

கேட்டபடி இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டும் கொட்டை எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பதினோரு ராத்திரி வேலை. கை வலித்தாலும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது சுகமாகத்தான் இருந்தது. போலந்து மரப்பறவை, பெரு நாட்டுக் களிமண் காளை, துருக்கித் தோல்பாவை. எந்தப் பொம்மையையும் நான் விலையைப் பார்த்து வாங்கியதில்லை, அக்கா. கூட்டத்தில் ஒன்று என்னைப் பார்க்கும். அதைத்தான் எடுப்பேன்.

ஓய்வு பெற்று வந்ததும் மாடியைப் பொம்மை வீடாக்கப் போகிறேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து பார்க்கட்டும். நீதான் விளக்கம் சொல்ல வேண்டும். உனக்குத்தான் அதட்டத் தெரியும்.

ஒரு சந்தேகம். ரிஃபாயை ஏன் வாசிக்கச் சொன்னாய்? என் கடிதத்தை நீ யாரிடமும் கொடுக்க மாட்டாயே.

தம்பி,
ஆத்மநாதன்


திருக்கோகர்ணம்
2.6.2024

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

சீட்டெல்லாம் ஒட்டியாகிவிட்டது. மச்சான் கோந்து தடவினார்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. தருமாவுக்கு மறு கண்ணையும் திறந்துவிட்டேன். கண் திறக்காத உருவத்தை வீட்டில் வைக்கக்கூடாது. அய்யனார் கோயில் குதிரைக்குக்கூட வேளார் கண்ணைத் திறந்துவிட்டுத்தானே அனுப்புகிறார்.

வேறு விசேஷம் இல்லை. வெயில் அதிகம்.

அக்கா


டர்பன், தென்னாப்பிரிக்கா
9.7.2024

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

உன் கடிதம் வந்தது. ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். ரிஃபாயை நம் வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தேன்.

அது என்ன பழநிப் பொம்மையா? எண்பது வருஷம் எத்தனையோ கை மாறியும் ஒருவர்கூட அந்தக் கண்ணைத் தொடவில்லை. நீ ஒரே நாளில் முடித்துவிட்டாய். அந்த வெள்ளைக் கண்தான் மதிப்பு என்று எழுதியிருந்தேனே, அதையாவது கேட்டாயா? எனக்கு இருந்தது ஒரே ஒரு பழைய தருமா. இனி எங்கே போய்த் தேடுவேன்?

அதையும் ஒழுங்காகச் செய்திருக்கக் கூடாதா? வட்டம் ஒரு பக்கம் இருக்கிறது, கண் ஒரு பக்கம் இருக்கிறது. கன்னத்தில் மை வழிகிறது. பால்வாடிக் குழந்தைகூட வட்டத்துக்குள்ளே புள்ளி வைக்கும்.

சின்ன வயசிலிருந்து நீ இப்படித்தான். எல்லாம் உன் இஷ்டம். மாடி அறையைப் பூட்டிச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிடு. நான் வரும்வரை என் பொம்மைகளை யாரும் தொட வேண்டாம். இந்த வருஷம் கொலுவுக்கும் எடுக்க வேண்டாம்.

ஆத்மநாதன்


மபுடோ, மொசாம்பிக்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து எதுவும் இல்லை. ஆபீஸில் கேட்டால் தபால் ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். நீ பதிலுக்குத் திட்டி எழுதுவாய் என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் எதிர்பார்த்தேன். திட்டாமல் இருப்பது உன் வழக்கம் இல்லையே.

நேற்று உளுந்தவடை போட்டேன். நீ சொல்லிக் கொடுத்தபடி தேங்காய்ப் பல் போட்டு. பிலிப்பைன்ஸ் பையன்கள் சட்டியைக் காலி செய்துவிட்டார்கள். என் பங்கையும் அவர்களுக்கே போட்டுவிட்டேன்.

எழுதியது அதிகம்தான். ஒரு வரி எழுதிப் போடு. வரி மலையேறினாலும் பரவாயில்லை.

தம்பி


திருக்கோகர்ணம்
27.8.2024

மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் திருப்பதி எழுதிக்கொண்டது. சுகம், சுகம் அறியவும். நான் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன். டிரிப் ஷீட்டைத் தவிர எதையும் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். அவசரம் என்பதால் ரிஃபாய் தம்பியிடம் சொல்லி இதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

உங்கள் அக்காவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டு வருஷம் ஆகிறது. கண்ணுக்குள் அழுத்தமாம். வலி இல்லாமலே நரம்பைத் தின்றுவிட்டது. மதுரைக்குக் கூட்டிப் போனேன். போனது வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கண் அப்போதே முடிந்தது. இடது கண்ணில் குழாய்க்குள் பார்க்கிற மாதிரி கொஞ்சம் தெரிந்தது. ஆடி பிறந்ததிலிருந்து அதுவும் வெளிச்சம் இருட்டு மட்டும்தான். போனில் பேசினால் அழுது காட்டிக்கொடுத்துவிடுவோம் என்றுதான் சண்டையைச் சாக்கு வைத்துச் சத்தியம் வாங்கினாள். தெரிந்தால் நீங்கள் பாதியிலேயே இறங்கி வந்துவிடுவீர்களாம்.

உங்கள் ஜூலை கடிதத்தை நான்தான் வாசித்தேன். பாதியில் நிறுத்தினேன். "ஏன் நிறுத்துறீங்க, முழுசா வாசிங்க" என்றாள். பால்வாடிக் குழந்தை என்ற வரியையும் வாசித்தேன். கேட்டுவிட்டு, "சரியாத்தானே எழுதியிருக்கான். அவன் பொருளு, கோவம் வரத்தான் செய்யும்" என்றாள். அப்புறம் மாடிக்குப் போய்ப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தாள். படியில் கையைப் பிடிக்க விடவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. சாப்பாடும் பேருக்குத்தான். சொல்லக்கூடாது என்றாள், நான் சொல்லிவிட்டேன். அவள் திட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பதி


கடலில், மொம்பாசா போகும் வழியில்
30.8.2024

மச்சான், இதை அக்காவிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். நானும் ரிஃபாய்க்குப் படம் எடுத்துத்தான் அனுப்புகிறேன்.

அக்கா,

மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அடுப்பை அணைக்க மறந்து இன்று சாம்பார் அடிப்பிடித்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

வரி மலையேறியது. கொட்டை எழுத்து கேட்டாய். ரிஃபாயை வாசிக்கச் சொன்னாய். எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. ஊரெல்லாம் சுற்றி ஒரு பொம்மையின் கண்ணைப் பற்றி அத்தனை தெரிந்து வைத்திருந்தவனுக்கு, கூடப் பிறந்தவளின் கண்ணைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. நீ என்னை மன்னிக்க வேண்டும்.

மொம்பாசாவில் இறங்கி விமானம் ஏறி வந்துவிடட்டுமா? கேப்டனிடம் பேசிவிட்டேன். நீ சரி என்றால் போதும்.

ஒன்று மட்டும் சொல். கண் சரியாகத் தெரியாதபோது ஏன் அந்தத் தருமா கண்ணை வரைந்தாய்?

தம்பி


திருக்கோகர்ணம்
5.9.2024

தம்பி ஆத்மநாதனுக்கு,

அக்கா சொல்லச் சொல்ல உன் மச்சான் எழுதுகிறார். இவரை நம்பி வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் வேறு வழியில்லை. நான் சுகம். கண் போனால் உடம்பில் மற்றதெல்லாம் போய்விடாது.

நீ இறங்கி வரக்கூடாது. இன்னும் இரண்டே மாசம். நீ இன்று வந்தாலும் நவம்பரில் வந்தாலும் எனக்குத் தெரிவது ஒன்றுதான். கடைசிப் பயணத்தைப் பாதியில் விட்டவன் என்று உன்னை யாரும் சொல்லக்கூடாது. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

(திறப்பாள். - திருப்பதி)

ஏன் வரைந்தேன் என்று கேட்டாய். கண் திறக்காத உருவம், சாஸ்திரம் என்று எழுதியதெல்லாம் சும்மா. உன் தருமா வந்ததிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கும் ஒரு கண், எனக்கும் ஒரு கண். அதற்கு முதல் கண்ணை வரைந்த அம்மாள் யாரோ, எதைக் கேட்டாளோ. கிடைக்கவில்லை என்று எண்பது வருஷம் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லையடா. எனக்கு வெளிச்சம் இருக்கும்போதே அதற்குத் திறந்துவிட்டுவிடலாம், கிடைத்துவிட்டது என்று நாமாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தீக்குச்சியில் என் கண்மையைத் தொட்டு வைத்தேன். வட்டத்துக்குள்ளேதான் வைத்ததாக நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. உன் கடிதம் வந்த பிறகுதான் வெளியே போய்விட்டது என்று தெரிந்தது.

(இவ்விடத்தில் மூக்கைச் சிந்தினாள். எழுதாதீங்க என்றாள். எழுதிவிட்டேன். - திருப்பதி)

உன் பொருளைக் கெடுத்துவிட்டேன். அது தப்புத்தான்.

அடுத்த மாசம் கொலு. பொம்மையில்லாத நவராத்திரி நம் வீட்டில் இருந்ததில்லை. எனக்குக் கண் வேண்டாம். பெரு காளைக்கு ஒரு கொம்பு மழுங்கல், போலந்துப் பறவைக்கு வால் விசிறி, எலும்புக்கூட்டுக்காரனுக்குத் தொப்பி. தொட்டால் சொல்லிவிடுவேன். சாவியை எடுத்துக்கொள்ளலாமா?

அக்கா


மொம்பாசா, கென்யா
24.9.2024

அன்பு அக்கா,

நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும். உன் பேச்சைக் கேட்டுக் கப்பலிலேயே இருக்கிறேன். கொலுவுக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று இதையும் ரிஃபாய்க்குப் படம் எடுத்தே அனுப்புகிறேன்.

சாவியைக் கேட்காதே. அது உன் வீடு, உன் கொலு. நான் வாங்கிப் போட்டேனே தவிர, பன்னிரண்டு வருஷமாக அந்தப் பொம்மைகளைத் தூக்கி வைத்ததும் துடைத்ததும் விஜயதசமியன்று படுக்க வைத்ததும் நீதான்.

தருமாவை முதல் படியில் வை. மையைத் துடைக்கவோ சரி செய்யவோ யாரையும் விடாதே. பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, இதில் இருக்கிறபடி மச்சானைப் புதுச் சீட்டு எழுதி ஒட்டச் சொல். மச்சான் அதை உனக்கு வாசிப்பார்:

"தருமா. ஜப்பான். முதல் கண் திறந்தவர்: பெயர் தெரியாது. இரண்டாவது கண் திறந்தவர்: பிரகதீஸ்வரி, திருக்கோகர்ணம், 2024."

இராமேஸ்வரத்து நாகராசு இறங்கி ஊருக்குப் போகிறார். அவரிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். இங்கே சந்தையில் ஒரு அம்மாள் பழைய மரச் சிற்பங்களைப் பரப்பி வைத்திருந்தாள். வழக்கம்போல எது என்னைப் பார்க்கிறது என்று தேடினேன். அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவினேன். சந்தையே கூடிச் சிரித்தது. அந்த அம்மாளும் முதலில் சிரித்தாள். எதற்கென்று நாகராசு சொன்ன பிறகு அவளே ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒன்று கையை விட்டுப் போக மறுத்தது. அதை வாங்கினேன்.

அது என்ன உருவம் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே துணியில் சுற்றச் சொல்லிவிட்டேன். நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்குச் சீட்டு நீயே எழுது.

உன் தம்பி,
ஆத்மநாதன்


திருக்கோகர்ணம்
13.10.2024

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம்.

இதை என் கையாலேயே எழுதுகிறேன். ஸ்கேலை வைத்துக்கொண்டு அதன் மேலேயே எழுதுகிறேன். வரி ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் மெதுவாகப் படி. உனக்கென்ன அவசரம்.

கொலு நன்றாக நடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டையும் நானே வைத்தேன். உன் மச்சான் எடுத்துக் கொடுத்தார். ஒரே ஒரு தப்பு. துருக்கிக்காரரைத் தலைகீழாக வைத்துவிட்டேன். ரஞ்சிதா சொல்லித்தான் தெரிந்தது. தருமா சீட்டை வருகிறவர்களெல்லாம் உரக்கப் படித்தார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது மாதிரிக் கேட்டேன்.

நாகராசு சரஸ்வதி பூஜையன்று வந்தார். உன் பொட்டலத்தை யாரையும் பிரிக்க விடவில்லை. உன் மச்சான் எட்டிப் பார்க்க வந்தார். திரும்பி நிற்கச் சொல்லிவிட்டேன்.

ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கால் நீட்டிய உட்காரல், சோறாக்கிக் களைத்த உட்காரல். முதுகு எண்ணெய் போட்டது மாதிரி வழவழப்பு. நிறையப் பேர் தூக்கி வைத்திருக்கிறார்கள். இடுப்பில் ஒரு குழந்தை. மூக்கும் வாயும் தேய்ந்துவிட்டன. அது தம்பியாகத்தான் இருக்க வேண்டும், அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது.

நேற்று எல்லாப் பொம்மையையும் படுக்க வைத்துவிட்டேன். இவளை மட்டும் படுக்க வைக்கவில்லை, மடியில் இருக்கிறாள். நவம்பரில் வா. நேரில் சண்டை போடுவோம்.

இவளுக்குக் கண்ணை வரையவில்லையடா, குழியாகச் செதுக்கியிருக்கிறார்கள். என் இரண்டு விரலும் அதில் சரியாகப் போய் உட்காருகின்றன.

அக்கா,
பிரகதீஸ்வரி